எல்லா ‘வேன்’னுக்கும் ‘வில்’ போடாதீர்கள்

பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்தவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு கட்டப் பட்டியல் லேசில் மறக்காது. மேலிருந்து கீழே மூன்று காலம், இடமிருந்து வலமாக நான்கு வகை. எதிர்கால வரிசையில் ‘ஐ ஷல் கோ, யூ வில் கோ’ என்று தொடங்கி ‘தே வில் ஹேவ் பீன் கோயிங்’ வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அதே ஆளிடம் ‘நாளைக்கு ஊருக்குப் போறேன்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் தடுமாறுவார். அவர் தேடும் வடிவம் எதிர்கால வரிசையிலேயே இல்லை. அது நிகழ்கால வரிசையில் கிடக்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் இதைச் சொல்லித் தருவதில்லை.

ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்கால விகுதி என்று ஒன்று கிடையாது. ‘வாக்’ இறந்தகாலத்தில் ‘வாக்ட்’ ஆகும். எதிர்காலத்துக்கு அந்தச் சொல் உருமாறுவதே இல்லை. நடக்கப்போவதைச் சொல்ல ஆங்கிலம் வெளியிலிருந்து ஆள் பிடிக்கிறது. ‘வில்’ அப்படி வந்த ஆள்களில் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘விரும்பு’ என்று பொருள். தன் சொத்து இன்னாருக்குப் போக வேண்டும் என்று விரும்பி எழுதி வைக்கும் பத்திரத்துக்கும் ஆங்கிலத்தில் ‘வில்’ என்றுதான் பெயர். நம் ஊர்ப் பத்திர எழுத்தர் ‘உயில்’ என்று எழுதுவது அந்தச் சொல்லைத்தான். ‘கோயிங் டு’ இன்னொரு ஆள். நிகழ்கால வடிவங்கள் இரண்டு வந்து நிற்கும். ‘அபௌட் டு’, ‘இஸ் டு’ என்று சில்லறையாகவும் சிலர் உண்டு.

தமிழில் எதிர்காலம் வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நன்னூல் சொல்லும் ப், வ் என்ற இடைநிலைகள்தான் படிப்பேன், செய்வேன் என்பவற்றில் இருப்பவை. அதனால் ‘வேன், வார், பேன், பார்’ எது காதில் விழுந்தாலும் மனம் ‘வில்’லை எடுத்து நீட்டுகிறது. ‘கிறேன், றேன்’ என்று கேட்டால் நிகழ்காலத்தை நீட்டுகிறது. நாம் பேசும் ஆங்கிலத்தில் எதிர்காலம் சறுக்கும் இடங்களைத் தோண்டிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் இந்த இரண்டு பழக்கங்கள்தான் இருக்கும்.

அப்பா ஒன்பது மணிக்குப் போவார்

‘மை ஃபாதர் வில் கோ டு ஆஃபீஸ் அட் நைன் எவ்ரி டே.’ தமிழ் காதுக்கு இதில் தவறே தெரியாது. ‘அப்பா தினமும் ஒன்பது மணிக்கு ஆபீசுக்குப் போவார்’ என்பதன் நேர் பிரதி. ஆனால் நம் ‘போவார்’ இரண்டு வேலை பார்க்கிறது. நாளைக்குப் போவார் என்பதும் அதுதான், வழக்கமாகப் போவார் என்பதும் அதுதான். ‘காலையில என்ன சாப்பிடுவீங்க?’ என்று கேட்கும்போது நாளைய திட்டத்தையா கேட்கிறோம்? ‘மலை நிற்கும்’, ‘தீச் சுடும்’ என்று பழைய உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்களும் என்றைக்கும் உள்ளதைச் சொல்பவைதான்.

ஆங்கிலம் இந்த வழக்கத்தையும் என்றுமுள்ள உண்மையையும் நிகழ்காலத்திடம் கொடுத்துவிட்டது. ‘மை ஃபாதர் கோஸ் டு ஆஃபீஸ் அட் நைன்.’ ‘ஃபயர் பர்ன்ஸ்.’ நேர்முகத் தேர்வில் ‘விடுமுறை நாளில் என்ன செய்வீர்கள்’ என்று ஆங்கிலத்தில் கேட்டதற்கு ‘ஐ வில் ரீட் புக்ஸ், ஐ வில் ப்ளே கிரிக்கெட்’ என்று சொன்னால், இனிமேல் படிக்கிறேன், இனிமேல் விளையாடுகிறேன் என்று சபதம் எடுப்பதுபோல இருக்கும். ‘ஐ ரீட், ஐ ப்ளே கிரிக்கெட்’ போதும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. தமிழ் வாக்கியத்தில் ‘வழக்கமா’ என்ற சொல்லைச் செருகுங்கள். பொருள் கெடாமல் உட்கார்ந்துகொண்டால் ‘வில்’லைத் தூக்கிவிடலாம். தூக்கியதும் இன்னொரு இடத்தில் கால் இடறும். ‘வில்’லுக்குப் பின்னால் வினை மொட்டையாக நிற்கும், அதனால்தான் பலருக்கும் ‘வில்’ மேல் அவ்வளவு பிரியம். அது போனபின் அவன், அவள், அது மூன்றுக்கும் வினையின் வாலில் ‘ஸ்’ ஒட்ட வேண்டும். ‘ஹி கோ டு ஆஃபீஸ்’ என்று விட்டுவிட்டால் ஒரு பிழைக்குப் பதில் இன்னொன்று.

கடந்துபோன வழக்கத்துக்கும் தமிழ் இதே வடிவத்தைத்தான் எடுக்கும். ‘தாத்தா இருந்தவரைக்கும் தினமும் குளத்துலதான் குளிப்பார்.’ ஆங்கிலத்தில் இது ‘யூஸ்ட் டு பேத்’ அல்லது ‘வுட் பேத்’. இங்கே ‘வில்’ போட்டால் போய்ச் சேர்ந்த தாத்தாவை நாளைக் காலை மறுபடி குளத்துக்கு அனுப்பியதாகும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். ‘ஹி வில் லீவ் த லைட்ஸ் ஆன்’ என்று ‘வில்’லை அழுத்திச் சொல்வதை ஆங்கிலேயர் பேச்சில் கேட்கலாம். எத்தனை தடவை சொன்னாலும் லைட்டை அணைக்காமல் போவான் என்ற சலிப்பு அதில் இருக்கிறது. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். நீங்களாகப் பயன்படுத்த அவசரம் வேண்டாம்.

ஒரே ‘றேன்’, மூன்று ஆங்கிலம்

அடுத்த பழக்கம் இதைவிடச் சிக்கலானது. இந்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

‘நாளைக்கு மதுரைக்குப் போறேன்.’
‘நீங்க விடுங்க, நான் பாத்துக்கிறேன்.’
‘வண்டி ஒன்பதரைக்குக் கிளம்புது.’

மூன்றும் தமிழில் நிகழ்கால வடிவம், மூன்றும் இனி நடக்கப்போவது. ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று திசையில் பிரியும்.

முதலாவதில் முடிவு எடுத்தாயிற்று, ஏற்பாடும் ஆகிவிட்டது. டிக்கெட் கையில் இருக்கலாம், அங்கே யாருக்காவது தகவல் சொல்லியிருக்கலாம். ‘ஐ ஆம் கோயிங் டு மதுரை டுமாரோ.’ இரண்டாவதில் முடிவு வாயைத் திறந்த அந்த நொடியில் பிறக்கிறது. அது ஒரு வாக்குறுதி. ‘டோன்ட் வொரி, ஐ’ல் டேக் கேர் ஆஃப் இட்.’ மூன்றாவதில் பேசுபவருக்கு எந்தப் பங்கும் இல்லை, கால அட்டவணை பேசுகிறது. ‘த ட்ரெயின் லீவ்ஸ் அட் நைன் தர்ட்டி.’ ரயில், தேர்வு, சினிமாக் காட்சி, அலுவலகம் திறக்கும் நேரம் எல்லாம் இந்தக் கணக்கு.

பிழை மலிந்து கிடப்பது இரண்டாவதில்தான். ‘அப்புறம் கூப்பிடுறேன்’ என்பதை ‘ஐ கால் யூ லேட்டர்’ என்று சொல்லிப் போனை வைப்பவர்கள் ஏராளம். வேறு சிலர் ‘ஐ ஆம் காலிங் யூ லேட்டர்’ என்பார்கள். தேவைப்படுவது ‘ஐ’ல் கால் யூ லேட்டர்’. அந்த ஒற்றை ‘ல்’தான் வாக்குறுதியைச் சுமக்கிறது. அனுப்புறேன், கேட்டுச் சொல்றேன், கொண்டுவந்து தர்றேன், யோசிச்சுச் சொல்றேன் என்று தமிழில் அடுத்தவருக்கு நாம் ஒப்புக்கொள்ளும் எல்லா ‘றேன்’களுக்கும் ‘ஐ’ல்’ போட்டுப் பழகினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இனி ‘வில்’லுக்கும் ‘கோயிங் டு’வுக்கும் உள்ள வித்தியாசம். புத்தகங்கள் இதை ஒரு பக்கம் விளக்கும். வீட்டுக்குள் நடக்கும் ஒரு சின்னப் பேச்சில் பார்த்தால் சட்டென்று பிடிபடும். ‘அரிசி தீர்ந்துபோச்சு’ என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். ‘அப்படியா, சரி, வாங்கிட்டு வர்றேன்.’ அல்லது ‘தெரியும், சாயங்காலம் வாங்கலாம்னு இருக்கேன்.’ முதல் பதிலில் அரிசி தீர்ந்தது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது, முடிவும் இப்போதுதான் எடுக்கிறார்: ‘ஓ, ஐ’ல் கெட் சம்.’ இரண்டாவதில் முடிவு ஏற்கெனவே மனதில் இருந்தது: ‘ஐ நோ, ஐ’ம் கோயிங் டு கெட் சம் திஸ் ஈவினிங்.’ நம் ‘லாம்னு இருக்கேன்’ ‘கோயிங் டு’வுக்கு மிக நெருங்கிய சொந்தம். கடந்தகாலத்துக்குப் போனாலும் இந்த உறவு அறுவதில்லை. ‘உன்னைக் கூப்பிடலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்’ என்பது ‘ஐ வாஸ் கோயிங் டு கால் யூ, பட் ஐ ஃபர்காட்’.

அழைப்பு மணி அடிக்கிறது, ‘நான் திறக்கிறேன்’ என்று எழுந்திருக்கிறீர்கள். ‘ஐ’ல் கெட் இட்.’ அங்கே போய் ‘ஐ’ம் கோயிங் டு ஓப்பன் த டோர்’ என்றால், மணி அடிக்கும் முன்பே கதவைத் திறக்கத் திட்டம் போட்டு வைத்திருந்த மாதிரி இருக்கும்.

‘கோயிங் டு’வுக்கும் வெறும் ‘இங்’குக்கும் நடுவிலுள்ள கோடு கொஞ்சம் மெல்லியது. அடுத்தவரோடு பேசி நேரம் குறித்தாயிற்றா என்று பாருங்கள். ‘ஐ’ம் சீயிங் த டாக்டர் அட் ஃபோர்’ என்றால் நாலு மணிக்கு டோக்கன் இருக்கிறது. ‘ஐ’ம் கோயிங் டு சீ எ டாக்டர்’ என்றால் போகவேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, டாக்டருக்கு அது இன்னும் தெரியாது. இதனால்தான் மழைக்கு ‘இட் இஸ் ரெயினிங் டுமாரோ’ வராது. மழையோடு பேசி நேரம் குறிக்க முடியாதே.

மேகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லும் ‘மழை பெய்யப் போகுது’ நமக்கு இலவசமாகக் கிடைத்த வாக்கியம். ‘இட்’ஸ் கோயிங் டு ரெயின்.’ இரண்டு மொழிகளும் ‘போ’ என்ற வினையிலிருந்தே எதிர்காலத்தைச் செய்துகொண்டன. கண்முன்னே அறிகுறி தெரியும்போது இந்த வடிவம். அறிகுறி ஏதுமில்லாமல் நம் கணிப்பு மட்டும் என்றால் ‘ஐ திங்க் இட்’ல் ரெயின்’. மேசை ஓரத்தில் டம்ளர் சாய்ந்து நிற்கிறது என்றால் ‘இட்’ஸ் கோயிங் டு ஃபால்’. அங்கே ‘வில்’ சொன்னால் ஜோசியம்.

பேச்சில் ‘கோயிங் டு’ சுருங்கி ‘கன்னா’ ஆகும். அது வினைக்கு முன்னால் மட்டும். ‘ஐ’ம் கன்னா ஸ்லீப்’ சரி. ‘ஐ’ம் கன்னா சென்னை’ என்று இடப்பெயருக்கு முன்னால் போட்டால் தப்பு. எழுத்தில், அதுவும் அலுவலக எழுத்தில், ‘கன்னா’வே வேண்டாம்.

‘வரும்போது’ செய்யும் குறும்பு

‘வென் யூ வில் கம், கால் மீ.’ ‘இஃப் இட் வில் ரெயின், வீ வில் ஸ்டே அட் ஹோம்.’ இந்தப் பிழைகளுக்கு ஆசிரியர்கள் சிவப்பு மை அடிப்பார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். காரணம் தமிழுக்குள் இருக்கிறது. ‘நீ வரும்போது கூப்பிடு’ என்பதில் ‘வரும்’ எதிர்காலப் பெயரெச்சம். அதைத்தான் மாணவர் நேர்மையாக ‘வில் கம்’ என்று பெயர்க்கிறார்.

ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு ஒரு ‘வில்’ போதும், அதுவும் முதன்மைப் பகுதியில். இஃப், வென், ஆஃப்டர், பிஃபோர், அன்டில், ஆஸ் சூன் ஆஸ், பை த டைம், இந்தச் சொற்கள் தலைமை தாங்கும் துணைப் பகுதியில் நிகழ்காலம்தான். ‘வென் யூ கம், கால் மீ.’ ‘இஃப் இட் ரெயின்ஸ், வீ’ல் ஸ்டே அட் ஹோம்.’ ‘மழை பெஞ்சா’ என்று நாமும் அங்கே எதிர்காலத்தைத் தொடுவதில்லை என்று நினைத்துக்கொண்டால் ‘இஃப்’ எளிதாக வரும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. ‘எப்ப வருவாருன்னு தெரியல’ என்பது ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’. இந்த ‘வென்’னுக்குப் பின்னால் ‘வில்’ வரலாம். இது ‘வரும்போது’ இல்லை, ‘எப்போது’. தமிழில் ‘போது’வா ‘எப்போது’வா என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்தது. ‘வருவாரான்னு தெரியல’ என்பதற்கு ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹி’ல் கம்’ என்பதும் இதே கதை.

‘இருப்பேன்’ என்ற பெட்டி

பட்டியலில் எல்லோரையும் பயமுறுத்தும் ‘வில் பி’, ‘வில் ஹேவ்’ இரண்டும் தமிழனுக்கு உண்மையில் எளிதாக வர வேண்டியவை. ‘இருப்பேன்’ என்று நாம் தினமும் சொல்வதுதான்.

‘ஏழு மணிக்கு வராதீங்க, சாப்பிட்டுட்டு இருப்போம்.’ ‘வீ’ல் பி ஹேவிங் டின்னர்.’ அந்த நேரத்தில் வேலை நடுவில் இருக்கும் என்பது பொருள். இதே வடிவம் ஊகத்துக்கும் வரும். ‘இப்ப கூப்பிடாத, தூங்கிட்டு இருப்பாங்க’ என்றால் ‘தே’ல் பி ஸ்லீப்பிங் நவ்’. ‘நவ்’ என்று போட்டும் ‘வில்’ வருகிறதே என்று மிரள வேண்டாம். நாமும் ‘இப்ப’ என்று சொல்லிவிட்டு ‘இருப்பாங்க’ என்கிறோம்.

இந்த ‘வில் பி’க்கு இன்னொரு நல்ல வேலை உண்டு, அது பாடப்புத்தகத்தில் அதிகம் வராது. ‘வில் யூ யூஸ் த பைக் திஸ் ஈவினிங்?’ என்றால் உபயோகிப்பாயா மாட்டாயா என்று முடிவு கேட்பதுபோல, சில சமயம் உபயோகிக்கச் சொல்வதுபோலக்கூட இருக்கும். ‘வில் யூ பி யூஸிங் த பைக்?’ என்றால், உங்கள் திட்டம் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பு மட்டும். கடன் கேட்கும் முன் எதிராளியை நெருக்காமல் கேட்க இதைவிடப் பதமான வடிவம் இல்லை.

எல்லா வினையும் இந்தப் பெட்டிக்குள் அடங்காது. தெரிதல், பிடித்தல், நம்புதல், வேண்டுதல் போன்றவை ஒரு நிலையைச் சொல்பவை, செயலை அல்ல. ‘யூ வில் பி நோயிங் ஹிம்’ என்பது நம் ஊரில் மட்டும் செல்லும் நாணயம். ‘யூ ப்ராபப்ளி நோ ஹிம்’ என்று சொல்லலாம்.

‘வில் ஹேவ்’வுக்கு நம் வடிவம் ‘இருக்கும்’. ‘நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள பஸ் போயிருக்கும்.’ ‘பை த டைம் யூ கெட் தேர், த பஸ் வில் ஹேவ் லெஃப்ட்.’ ‘க்குள்ள’ வந்தால் ‘பை’, ‘வரைக்கும்’ வந்தால் ‘அன்டில்’ என்று பிடித்துக்கொள்ளுங்கள். ‘அஞ்சு மணிக்குள்ள முடிப்பேன்’ என்பது ‘பை ஃபைவ்’, ‘அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்’ என்பது ‘அன்டில் ஃபைவ்’.

‘சேர்ந்திருப்பார்’ என்பதை மட்டும் ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும். ‘இந்நேரம் வீடு சேர்ந்திருப்பார்’ என்றால் ஊகம், ‘ஹி’ல் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்’. ‘நீ சொல்லியிருந்தா நேத்தே சேர்ந்திருப்பார்’ என்றால் நடக்காமல் போனது, ‘ஹி வுட் ஹேவ் ரீச்ட்’. தமிழில் இரண்டும் ஒரே சொல். முன்னால் ‘இருந்தா’ இருக்கிறதா என்று பார்த்து ‘வில்’லா ‘வுட்’டா என்று முடிவெடுக்கலாம்.

‘வில் ஹேவ் பீன்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘வர்ற மார்ச்சோட இங்க வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் ஆகுது’ போன்ற வாக்கியத்துக்கு உதவும். வருஷத்துக்கு நாலைந்து தடவை தேவைப்பட்டால் பெரிது. இதை ஒப்பிக்கச் செலவிடும் நேரத்தை ‘ஐ’ல்’ பழகச் செலவிடலாம்.

ஒரு விடுப்பு மின்னஞ்சல்

அலுவலகங்களில் நித்தம் பறக்கும் ஒரு மடல். ‘ஐ வுட் பி கோயிங் டு மை நேட்டிவ் ஃபார் மை சிஸ்டர்ஸ் மேரேஜ். ஐ வுட் நாட் பி அவைலபிள் ஃப்ரம் டென்த் டு ட்வெல்த். பிஃபோர் ஐ வில் லீவ், ஐ ஹேண்ட் ஓவர் மை வொர்க். வென் ஐ வில் கம் பேக், ஐ ஷல் ஃபினிஷ் த ரிப்போர்ட் வித்தின் ஃபிஃப்டீன்த்.’

முதல் வரியிலேயே ‘வுட்’. ‘வில்’லைவிட ‘வுட்’ மரியாதையானது என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். ‘வுட் யூ’ என்று உதவி கேட்கும்போதும், ‘ஐ வுட் லைக்’ என்று விருப்பம் சொல்லும்போதும் அது மரியாதைதான். உறுதியான தகவலுக்கு முன்னால் வந்தால் ‘ஆனால்’, ‘இருந்தால்’ என்று ஏதோ ஒரு நிபந்தனை வாசகத்துக்குள் நுழைந்துவிடும். ‘த ஆஃபீஸ் வுட் பி க்ளோஸ்ட் ஆன் மண்டே’ என்ற அறிவிப்பைப் படிக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர், எது நடந்தால் மூடுவார்கள் என்று யோசிப்பார். தங்கையின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, நிபந்தனை ஏதுமில்லை. ‘ஐ ஆம் கோயிங் டு மை ஹோம்டவுன்’ என்று எழுதலாம். ‘நேட்டிவ்’ என்பது ஊரைக் குறிப்பது நமக்குள் மட்டும்தான். முகூர்த்த நாள் நிகழ்ச்சிக்கு ‘வெட்டிங்’, அதன்பின் வாழும் வாழ்க்கைக்குத்தான் ‘மேரேஜ்’.

இரண்டாம் வரியில் ‘வில் நாட் பி அவைலபிள்’. பன்னிரண்டாம் தேதி வருவாரா மாட்டாரா என்ற கேள்வியும் அங்கே தொங்குகிறது. ‘ஐ வில் பி பேக் ஆன் த தர்ட்டீன்த்’ என்று சேர்த்தால் மேலாளர் திருப்பிக் கேட்கத் தேவையில்லை. ‘பிஃபோர்’, ‘வென்’ இரண்டின் பின்னாலும் இருந்த ‘வில்’ போக வேண்டும், ‘ஹேண்ட் ஓவர்’ முன்னால் இல்லாத ‘வில்’ வர வேண்டும். அது வாக்குறுதி, ‘ஒப்படைச்சிடுறேன்’ என்ற ‘றேன்’. கடைசியில் ‘வித்தின்’. அது கால அளவோடு சேரும், ‘வித்தின் டூ டேஸ்’. தேதியோடு ‘பை’தான்.

திருத்திய மடல்: ‘ஐ ஆம் கோயிங் டு மை ஹோம்டவுன் ஃபார் மை சிஸ்டர்ஸ் வெட்டிங். ஐ வில் நாட் பி அவைலபிள் ஃப்ரம் த டென்த் டு த ட்வெல்த், அண்ட் ஐ வில் பி பேக் ஆன் த தர்ட்டீன்த். ஐ வில் ஹேண்ட் ஓவர் மை வொர்க் பிஃபோர் ஐ லீவ். வென் ஐ கெட் பேக், ஐ வில் ஃபினிஷ் த ரிப்போர்ட் பை த ஃபிஃப்டீன்த்.’

இதோடு ஒட்டிய இன்னொன்று, ‘ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்’. ‘ஐ’ல் கம் ஆஃப்டர் டூ டேஸ்’ என்றால் இரண்டு நாளுக்குப் பிறகு என்றைக்கோ என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். இன்றிலிருந்து எண்ணுவதானால் ‘இன் டூ டேஸ்’. ‘பத்து நிமிஷத்துல வந்துடுறேன்’ என்பதும் ‘இன் டென் மினிட்ஸ்’தான்.

‘ஷல்’ எங்கே மிச்சம்

நான், நாம் என்றால் ‘ஷல்’, மற்றவர்களுக்கு ‘வில்’ என்ற விதியை ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் வைத்தார். நம் பாடப்புத்தகங்கள் அதை இன்னும் சுமக்கின்றன. இன்றைய பேச்சில் ‘ஐ ஷல் கோ’ வெகு அரிது. ‘ஷல்’ உயிரோடு இருப்பது கேள்வியில்: ‘ஷல் வீ கோ?’, ‘ஷல் ஐ ஓப்பன் த விண்டோ?’. தமிழில் ‘போகலாமா?’, ‘திறக்கட்டுமா?’. ‘அட்டுமா’ என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஷல் ஐ’ போடலாம். ‘லாமா’வில் ஒரு எச்சரிக்கை தேவை. இருவரும் சேர்ந்து செய்வதானால் ‘ஷல் வீ’. ‘உள்ளே வரலாமா?’ என்று அனுமதி கேட்பதானால் ‘மே ஐ’. இரண்டு இடத்திலும் ‘வில் ஐ கம்?’ வராது. என்னை நானே ஜோசியம் கேட்பதாகிவிடும்.

சட்டத்தில் ‘ஷல்’லுக்கு வேறு உடம்பு. அங்கே அது எதிர்காலம் இல்லை, கட்டளை. இந்திய அரசியலமைப்பின் முதல் கூறே இந்தியா ஒன்றியமாக ‘ஷல் பி’ என்கிறது. இந்த ஒரு சொல்லின் எடை தமிழ்நாட்டுக்கு நன்றாகவே தெரியும். 1963இல் ஆட்சிமொழிச் சட்ட மசோதா வந்தபோது, 1965க்குப் பிறகும் ஆங்கிலம் தொடர்வதைச் சொன்ன இடத்தில் ‘மே’, அதாவது ‘தொடரலாம்’, என்று இருந்தது. இங்கே ‘மே’ என்றாலும் ‘ஷல்’ என்றாலும் ஒன்றே என்றார் நேரு. அப்படியானால் ‘ஷல்’ என்றே போட்டுவிட்டால் என்ன என்பது மாநிலங்களவையில் இருந்த அண்ணாவும் தி.மு.க.வும் எழுப்பிய கேள்வி. 1967இன் திருத்தச் சட்டத்தில், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு ஒன்றியம் நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் ‘ஷல் பி யூஸ்ட்’ என்று வந்தது. ஒப்பந்தமோ வாடகைப் பத்திரமோ ஆங்கிலத்தில் கையெழுத்துக்கு வந்தால் ‘ஷல்’ எங்கே, ‘மே’ எங்கே என்று விரல் வைத்துப் படியுங்கள்.

செய்தித்தாள் தலைப்பு இன்னொரு தனி உலகம். ‘சி.எம். டு ஓப்பன் பிரிட்ஜ் ஆன் ஃப்ரைடே’ என்றால் ‘வில்’ இல்லாமலே எதிர்காலம். ‘டு’ ஒன்றே ‘திறக்க இருக்கிறார்’ என்று சொல்லிவிடுகிறது.

மாட்டேங்குது

எதிர்மறையில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ‘பைக் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.’ ‘த பைக் வோன்ட் ஸ்டார்ட்.’ பைக்குக்கு ஏது மனசு, ஆனாலும் அது முரண்டு பிடிப்பதாக இரண்டு மொழியும் சொல்கின்றன. ‘வில்’லின் பழைய பொருளான ‘விருப்பம்’ இங்கே எட்டிப் பார்க்கிறது. ‘அவன் வர மாட்டான்’ என்பதும் ‘ஹி வோன்ட் கம்’. தானே முடிவு செய்து மறுப்பதற்கு ‘ஐ டோன்ட் கம்’ என்று சொல்லாதீர்கள், ‘ஐ வோன்ட் கம்’ அல்லது ‘ஐ’ம் நாட் கமிங்’.

இந்த ‘வோன்ட்’டை வாயால் சொல்வதில்தான் ஆபத்து. ‘வேண்டும்’ என்ற பொருளுள்ள ‘வான்ட்’டும் இதுவும் நம் உச்சரிப்பில் ஒன்றாகிவிடுகின்றன. ‘ஐ வான்ட் டு பே’ என்றவர் பணம் கட்ட விரும்புகிறார், ‘ஐ வோன்ட் பே’ என்றவர் கட்ட மாட்டேன் என்கிறார். ‘வோன்ட்’டில் உதடு குவிந்து ‘ஓ’விலிருந்து ‘உ’வுக்கு நகர வேண்டும், ‘டோன்ட்’ சொல்வதுபோல. ‘வான்ட்’டில் வாய் திறந்தபடி குறுகிய ஒலி. ‘டோன்ட், வோன்ட், டோன்ட், வோன்ட்’ என்று பத்து முறை மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு ‘வான்ட்’ சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தாடையிலேயே தெரியும். ‘வான்ட்’டுக்குப் பின் வினை வந்தால் நடுவில் ‘டு’ கட்டாயம், ‘வோன்ட்’டுக்குப் பின் ‘டு’ வரவே வராது. உச்சரிப்பு கொஞ்சம் சறுக்கினாலும் அந்த ‘டு’ காப்பாற்றும்.

‘ஐ’ல்’, ‘வீ’ல்’, ‘தே’ல்’ சொல்லும்போது நுனி நாக்கை மேல் பல்லின் பின்புறம் தொட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள். விட்டால் ‘ஐ கால் யூ’ ஆகிவிடும், கேட்பவருக்கு வாக்குறுதி போய்ச் சேராது. அதற்குப் பயந்து ஒவ்வொரு தடவையும் ‘ஐ வில்’ என்று முழுசாக அழுத்தினால், சாதாரணமாகச் சொன்னதும் பிடிவாதம் பிடிப்பதுபோலக் கேட்கும். முழு ‘வில்’லை இரண்டு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எழுத்துக்கு, பிறகு ‘நீ செய்ய மாட்டே’ என்று யாராவது சொன்னதற்குத் திருப்பிச் சொல்லும் ‘எஸ், ஐ வில்’லுக்கு.